அணு உலையை நிறுத்திவிட்டால் சூடும் நின்றுவிடாதா? அப்புறம் எதற்குக் குளிர்விக்கிறார்கள்?

நிற்காது. நான் வேலை பார்த்தது நிலக்கரி அனல்மின் நிலையத்தில், அணுமின் நிலையத்தில் அல்ல. ஆனால் நீங்கள் கேட்ட விஷயத்தில்தான் இரண்டும் அடியோடு வேறு.

எங்கள் பக்கம் பாய்லர் ட்ரிப் ஆனால், அதாவது திடீரென்று தானாக நின்றுவிட்டால், கண்ட்ரோல் ரூம் முழுக்க அலாரம் அலறும். மேலே சேஃப்டி வால்வு திறந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி நீராவி சீறும். பார்க்கத்தான் பயங்கரம். கரி அரைக்கிற மில் நின்று கரித்தூள் வரத்து அறுந்ததுமே உள்ளே தீ போய்விடும், அடுப்பிலிருந்து விறகை இழுத்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் யாராவது டீ சொல்லிவிடுவார்கள்.

அணு உலையிலும் கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்கினால் யுரேனிய அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்றாகப் பிளக்கிற தொடர்வினை சில நொடிகளில் நின்றுவிடும். நிற்காமல் இருப்பது, அதுவரை பிளந்த யுரேனியத்தின் துண்டுகள். அயோடின், சீசியம், ஸ்ட்ரான்சியம் என்று எரிபொருளுக்குள் சேர்ந்திருக்கும் இவை, தாமாகச் சிதைந்து வெப்பம் விட்டுக்கொண்டே இருக்கும். அதை அணைக்க சுவிட்ச் கிடையாது.

கூடங்குளத்தின் ஓர் உலை 1000 மெகாவாட் மின்சாரம் தர, உள்ளே 3000 மெகாவாட் வெப்பம் உண்டாக வேண்டும். நிறுத்திய கணத்தில் அதில் 6 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும், அதாவது 200 மெகாவாட்டுக்குப் பக்கம். ஒரு மணி நேரத்தில் 40 சொச்சம், ஒரு நாளில் சுமார் 15 என்று இறங்கும். 15 தானே என்று விட முடியாது. நொடிக்கு 6 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க அது போதும். கணக்குப் போட்டால் மணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு தண்ணீர் லாரி, ராத்திரி பகலாக.

ஃபுகுஷிமாவில் நடந்தது இதுதான். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காகவே நின்றன. வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்தது. பெரும்பாலான ஜெனரேட்டர்கள் இருந்தது கட்டடங்களின் அடித்தளத்தில்! பம்புகள் நின்றன, நின்றுபோன மூன்று உலைகளும் உருகின. ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பது எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன்கூட யோசிக்கிற விஷயம். இன்றும் எனக்கு ஆறவில்லை.

2004 சுனாமியில் கல்பாக்கத்திலும் கடல்நீர் புகுந்து பம்ப் ஹவுஸ் மூழ்கியது. ஓடிய உலையை நிறுத்தினார்கள். நிலையம் உயரத்தில் இருந்ததால் மின்சாரம் தப்பியது, குளிர்விப்பும் தொடர்ந்தது. ஜனவரி 2-ல் உலை மறுபடி ஓடியது.

கூடங்குளத்தில் இதற்கென்றே மின்சாரம் வேண்டாத ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நீராவி தானாக மேலே ஏறி, கட்டடத்தின் உச்சியில் வெளிக்காற்றில் குளிர்ந்து, தண்ணீராகித் தன் எடையாலேயே கீழே இறங்கும். பம்ப் இல்லை. 2011-ல் பக்கத்து இடிந்தகரை மக்கள் பயந்து கேட்டபோது இதை ஒரு படம் போட்டு நிதானமாக விளக்கியிருக்கலாம். அவர்கள் ஃபுகுஷிமாவை டிவியில் பார்த்துவிட்டுக் கேட்டது நியாயமான கேள்விதான்.

இன்னொன்று, உலையிலிருந்து வெளியே எடுத்த பிறகும் அந்த எரிபொருள் சுடும். அதனால்தான் பக்கத்திலேயே ஆழமான குளம் கட்டி, வருடக்கணக்கில் தண்ணீருக்கு அடியில் போட்டு வைக்கிறார்கள்.