பீரியட்ஸ் நின்ற பிறகு மூட்டு மூட்டாய் வலி: ஹார்மோன் சிகிச்சை கைகொடுக்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 49 வயது. பீரியட்ஸ் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. அதிலிருந்து காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை, மாவுப் பாத்திரத்தைத் தூக்கினால் மணிக்கட்டு விண்ணென்று தெறிக்கிறது, தலை பின்ன வலது கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. ராத்திரியில் உடம்பு குப்பென்று சூடாகி நைட்டியே நனைந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமும் இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று கால்சியமும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டில் 'வயசானா அப்படித்தான்' என்கிறார்கள். லண்டனில் இருக்கும் நாத்தனார் ஹார்மோன் ஜெல் தடவியதும் வலி போய்விட்டது என்கிறார், என் அக்காவோ அதெல்லாம் கேன்சரில் கொண்டுபோய் விடும் என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: எக்ஸ்ரேயில் தெரியாத வலி இல்லாத வலி ஆகிவிடாதம்மா. எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. உங்களுக்கு வலிப்பது பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள ஜவ்வும் தசைநாரும்தான். ஈஸ்ட்ரோஜன் என்றால் கர்ப்பப்பைக்கு மட்டுமான ஹார்மோன் என்று நினைக்கிறோம், ஆனால் குருத்தெலும்பு, மூட்டின் உள்சவ்வு, தசைநார், தசை எல்லாமே அதை உணர்ந்து வேலை செய்பவை, அதனால் பீரியட்ஸ் நிற்கிற சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறையும்போது அங்கேயும் அழற்சி கூடி விறைப்பும் வலியும் வருகின்றன. இதற்குக் கண்ணெதிரே ஒரு சாட்சி உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்று மாத்திரைகள் கொடுப்போம், உடம்பில் மிச்சமிருக்கிற ஈஸ்ட்ரோஜனையும் வற்றவைப்பதுதான் அவற்றின் வேலை. அதைச் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூட்டு வலி வருகிறது. ஆக, 'வயசானா அப்படித்தான்' என்ற பேச்சை இனி யாரும் உங்களிடம் பேசவேண்டாம்.

ஆனால் உடனே பழியை மெனோபாஸ் மேல் போட்டுவிடவும் கூடாது. இதே வயதில்தான் பல பெண்களுக்கு முடக்குவாதமும் ஆரம்பிக்கிறது. காலை விறைப்பு அரை மணி, ஒரு மணி நேரம் தாண்டியும் விடவில்லையா, இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கித் தொட்டால் சூடாக இருக்கின்றனவா, பாருங்கள். இருந்தால் தள்ளிப்போடாமல் மூட்டுவாத டாக்டரிடம் போங்கள், தாமதித்தால் மூட்டே கோணிவிடும். தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., முடக்குவாதத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இவ்வளவையும் ஒருமுறை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். கடந்த ஓரிரு வருடத்தில் சிக்குன்குனியா வந்ததா என்றும் யோசியுங்கள், அந்த வலி சிலரை மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட விடாது. தலை பின்ன முடியவில்லை என்கிறீர்களே, அது தோள் மூட்டு இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கலாம். 40 முதல் 60 வயதுப் பெண்களுக்கு அதிகம், சர்க்கரையோ தைராய்டு பிரச்சினையோ இருந்தால் இன்னும் அதிகம். அதற்குத் தனியாக பிசியோதெரபி வேண்டும், ஜெல்லை நம்பி விட்டுவிடாதீர்கள்.

சரி, குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கு வருவோம். மூட்டு வலிக்கு அது கொஞ்சம் உதவும், ஆனால் மூட்டு வலிக்கு மட்டும் என்று அதைக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் பெண்கள் உடல்நல முன்முயற்சி என்ற பெரிய ஆய்வில், கர்ப்பப்பை எடுத்த பெண்களில் ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது ஈஸ்ட்ரோஜன் பக்கம் 100 பேரில் 76 பேருக்கும், வெற்று மாத்திரைப் பக்கம் 79 பேருக்கும் மூட்டு வலி இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்டிரான் வகை ஹார்மோனும் சேர்த்து, இரண்டும் கொடுத்த பகுதியில், ஏற்கெனவே வலி இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு வலி விட்டது, வெற்று மாத்திரையில் 38 சதவீதம். நாத்தனாருக்கு முழுதாய்ப் போயிருக்கலாம், அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் அப்படி ஆகாது.

அக்காவின் பயம் வந்ததும் அதே ஆய்விலிருந்துதான். 2002-இல் அதன் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள், உலகம் முழுக்க டாக்டர்களே ஹார்மோன் எழுதப் பயந்துபோனார்கள். விவரம் என்னவென்றால், இரண்டு ஹார்மோனையும் சேர்த்துச் சாப்பிட்ட 10,000 பெண்களில் வருடத்துக்குக் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய். ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்கு அது அதிகரிக்கவே இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயதோ 63. இன்றைய புரிதல், 60 வயதுக்குள், பீரியட்ஸ் நின்று 10 வருடத்துக்குள் ஆரம்பித்தால், ஆரோக்கியமான பெண்ணுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்பது. ஜெல்லும், தோலில் ஒட்டும் பேட்சும் மாத்திரையைவிட ரத்தக்கட்டு விஷயத்தில் பாதுகாப்பானவை.

உங்களுக்கு என் யோசனை இதுதான். மூட்டுக்காக மட்டும் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். ஆனால் ராத்திரி வியர்வையும் கெட்ட தூக்கமும் உங்களை வாட்டுகின்றன, அதற்கு இதைவிடப் பலமான மருந்து வேறில்லை. ஒழுங்காகத் தூங்கினாலே வலி பாதி தாங்கக்கூடியதாகிவிடும். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு இவை எதுவும் இல்லையென்றால், பி.பி., மேமோகிராம், ஸ்கேன் பார்த்துவிட்டு உங்கள் மகப்பேறு டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். கர்ப்பப்பை இருப்பதால் புரொஜெஸ்டிரானும் கட்டாயம் சேர வேண்டும். ஜெல் மட்டும் வாங்கித் தடவினால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்து அங்கே புற்றுநோய் வர இடமாகிவிடும், நாத்தனாரிடம் சொல்லி அனுப்பி வைக்கச் சொல்லாதீர்கள் என்பது இதனால்தான். மூன்று மாதம் பார்த்துவிட்டு, பலன் உண்டா என்று முடிவு செய்யலாம்.

ஹார்மோன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தசையைப் பலப்படுத்தியே ஆகவேண்டும். வீட்டு வேலை செய்கிறேனே, அது போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை ஒரு வேளைக்குப் பத்து தடவை செய்து பாருங்கள், முட்டியைத் தாங்குகிற தொடைத்தசை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். எடை அதிகமிருந்தால், ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் முட்டியில் நாலு கிலோ பாரம் குறைகிறது. வலி மாத்திரையைத் தினமும் விழுங்காதீர்கள், வயிறும் கிட்னியும் கெடும், டைக்ளோஃபினாக் ஜெல்லை விரலிலும் முட்டியிலும் தடவலாம். பெயரே இல்லாத பொட்டலத்தில் வரும் மூட்டு வலிப் பொடியை மட்டும் தொடவே வேண்டாம், ஸ்டீராய்டு கலந்திருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: என் தங்கைக்கு 38 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு ஓவரியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது 41, உடம்பெல்லாம் வலி. அவளும் ஹார்மோன் எடுக்கலாமா?
- வாசகி, தர்மபுரி

பதில்: எடுக்கலாமா இல்லை, எடுக்கவேண்டும், மேலே சொன்ன தடைகள் இல்லாவிட்டால். இயற்கையாக நிற்கும் வயதுக்கு வெகு முன்பே ஈஸ்ட்ரோஜன் நின்றுபோனால் எலும்பும் இதயமும் அடிபடும். கர்ப்பப்பை இல்லாததால் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், இயல்பாக மெனோபாஸ் வரும் வயது வரையாவது. மூன்று வருடம் போய்விட்டது, இந்த மாதமே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து லெட்ரோசோல் சாப்பிடுகிறேன். வயது 56. படி ஏறமுடியாத வலி. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். புற்றுநோய் திரும்பி வராமல் காப்பதே அந்த மாத்திரைதான், ஹார்மோன் சிகிச்சையும் உங்களுக்குக் கூடாது. அதற்காக வலியைச் சகித்துக்கொண்டு கிடக்கவும் தேவையில்லை. தினசரி வேகநடையும் வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் இந்த வலியைக் குறைப்பது ஆய்வில் தெரிந்த விஷயம். அதற்கும் அடங்காவிட்டால் வலியைத் தணிக்கும் டுலாக்சிடின் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், அல்லது அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாறலாம், சிலருக்கு வேறு வகை மாத்திரையான டமாக்சிஃபென் பொருந்தும். இதையெல்லாம் உங்கள் கேன்சர் டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும், எனவே அடுத்த செக்கப்பில் 'பரவாயில்லை டாக்டர்' என்று சொல்லிவிட்டு வராமல், படி ஏறமுடியவில்லை என்பதை அப்படியே சொல்லுங்கள். லெட்ரோசோல் எலும்பையும் மெலியவைக்கும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லையென்றால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.