ஜி.பி.ஆர். ஸ்கேனுக்கு எந்த ஃப்ரீக்வென்சி? கேள்வி பதில்

கேள்வி: சார், கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 110 மி.மீ. பி.வி.சி. குழாய் போகிறதாம். ஜி.பி.ஆரில், அதாவது தரைக்குள் அலை அனுப்பிப் புதைந்ததைத் தேடும் ரேடாரில், 400 மெகாஹெர்ட்ஸ் ஆண்டெனாவை வைத்துப் பார்த்தோம், 60 செ.மீ.க்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. 100 மெகாஹெர்ட்ஸ் வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள், பணம்தான் வீணாகும். ஃப்ரீக்வென்சியைக் குறைத்தால் ஆழம் கூடும் என்பது காய்ந்த மணலிலும் பாறையிலும் நன்றாகப் பலிக்கும். ஈரக் கரிசலில் சிக்னலைத் தின்பது மண்ணின் மின்கடத்துத்திறன். மீட்டருக்கு 50 மில்லிசீமன்ஸ் கடத்தும் களிமண் என்றால் ஒவ்வொரு மீட்டருக்கும் சிக்னலின் வலிமையில் ஏறக்குறைய 20 டெசிபல் போய்விடும். இறங்கி ஏற 3 மீட்டர், ஆக 60 டெசிபல் இழப்பு. 100-க்கு மாறினாலும் இதில் பெரிய வித்தியாசம் வராது. அந்த மண்ணில் அலை நானோ செகண்டுக்கு 7.5 செ.மீ. ஓடும் என்று வைத்தால், 100 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 75 செ.மீ. பதினோரு செ.மீ. குழாயை அது எப்படிக் காட்டும்?

குழாயின் ஒரு முனையைத் திறக்க முடிந்தால், சிக்னல் விடும் சோண்டை உள்ளே தள்ளி, மேலே பைப் லொக்கேட்டரை வைத்துத் தொடருங்கள். முடியாவிட்டால் சோதனைக் குழிதான். ரேடாரே வேண்டும் என்றால் மண் நன்றாகக் காய்ந்த கோடையில் அதே 400-ஐ ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: சாத்தான்குளம் தேரி மணலில் 2 மீட்டர் ஆழம் வரை பழைய செங்கல் சுவர் தேட வேண்டும். செட்டிங் சொல்லுங்கள் ஐயா.

பதில்: ரேடாருக்கு இதைவிட நல்ல மண் கிடைக்காது. 400 மெகாஹெர்ட்ஸ் போதும். காய்ந்த மணலில் வேகம் நானோ செகண்டுக்கு 15 செ.மீ. அளவில் இருக்கும், அலைநீளம் 37 செ.மீ. அதில் கால் பங்கு, அதாவது 9 செ.மீ. இடைவெளி இருந்தால் மேலும் கீழுமான இரண்டு பரப்புகள் தனித்தனியாகத் தெரியும். 2 மீட்டர் போய்வர 27 நானோ செகண்ட் ஆகும். அடியில் ஈரம் இருந்தால் வேகம் குறையும் என்பதால் டைம் விண்டோவை, அதாவது எதிரொலிக்காகக் கருவி காத்திருக்கும் நேரத்தை, 50 நானோ செகண்டாக வையுங்கள். 2 செ.மீ.க்கு ஒரு ட்ரேஸ் (ஒரு இடத்தில் எடுக்கும் ஒரு பதிவு), ஓட்டும் கோடுகளுக்கு நடுவே 50 செ.மீ. சுவர் மெல்லியது என்று சந்தேகம் இருந்தால் கோடுகளுக்கு நடுவே 25 செ.மீ. சுவருக்குக் குறுக்கே ஓட்ட வேண்டும். சுவர் எந்தத் திசை என்று தெரியாததால் இரண்டு திசையிலும் ஓட்டிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, ஸ்லாபில் கோர் கட்டிங் (வட்டமாகத் துளை) போட வேண்டும். கம்பி 15 செ.மீ. இடைவெளி, அதற்குக் கீழே கண்டுயிட் (மின்வயர் போகும் குழாய்) ஓடுகிறது. எங்களிடம் இருப்பது 400.

பதில்: அதை ஸ்லாபில் வைக்காதீர்கள். கான்கிரீட்டில் 400-இன் அலைநீளம் 25 செ.மீ., கம்பி இடைவெளியைவிடப் பெரிது. அலைக்கு அந்தக் கம்பி வலை ஒரு தகடு மாதிரி, அடியில் இருப்பதை மறைத்துவிடும். 1600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 6 செ.மீ. சொச்சம், கம்பிகளுக்கு நடுவே புகுந்து பார்க்கும். சுமார் 40 செ.மீ. ஆழம் வரை வேலை செய்யும், ஸ்லாபுக்கு அது தாராளம். 10 செ.மீ. கட்டம் போட்டு இரு திசையிலும் ஓட்டுங்கள். புதிதாகப் போட்ட கான்கிரீட்டில் ஈரம் நிறைய இருக்கும், ஆழம் குறையும்.

கேள்வி: 300 அடி போர்வெல்லுக்குத் தண்ணீர் பார்க்க எந்த ஆண்டெனா?

பதில்: எதுவும் இல்லை. மண்ணின் மின்தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி சர்வே செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: திரையில் 1.2 மீட்டர் காட்டிய குழாய், தோண்டினால் 80 செ.மீ.யிலேயே வந்துவிட்டது. ஆண்டெனா தவறா?

பதில்: ஆண்டெனா சரிதான், டைஎலக்ட்ரிக் எண் (மண்ணில் அலையின் வேகத்தைக் கணக்கிட மெஷினில் கொடுக்கும் எண்) தவறு. மெஷினில் 6 என்று இருந்திருந்தால் அது வேகத்தை நானோ செகண்டுக்கு 12.2 செ.மீ. என்று கணக்குப் போட்டிருக்கும். நீங்கள் கண்ட ஆழத்துக்கு 8.2 செ.மீ.தான் வருகிறது, அதாவது எண் 13.5 அளவில் இருக்க வேண்டும். தளத்துக்குப் போனதும் திரையில் குழாய் காட்டும் ஹைபர்போலா (கவிழ்த்த U போன்ற வடிவம்) மேல் மெஷினின் வளைவைப் பொருத்தி வேகத்தை எடுங்கள். அப்போது குழாய்க்கு நேர்குறுக்காக ஓட்டுவது முக்கியம். சாய்வாகக் கடந்தால் வளைவு விரிந்து வேகம் கூடுதலாகத் தெரியும், ஆழமும் மறுபடி கூடுதலாகவே வரும். பொருத்தும்போது வேகம் 30 செ.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் அது மண்ணுக்குள் இருப்பதே அல்ல. மேலே ஓடும் ஈ.பி. கம்பியோ பக்கத்துச் சுவரோ காற்று வழியாகத் திருப்பி அனுப்பிய அலை. ஷீல்டு (மேலும் பக்கமும் அலை போகாமல் தடுக்கும் மூடி) இல்லாத ஆண்டெனாவில் இது அடிக்கடி வரும், அந்த வளைவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.