மிஞ்சிய பண்டிகை இனிப்புகளை பேக்கிங்கில் தீர்ப்பது எப்படி? கேள்வி பதில்

பண்டிகை முடிந்த கையோடு டப்பாவைத் திறந்தால் பிடித்ததெல்லாம் காலியாகி, யாரும் தொடாதது மட்டும் அடியில் கிடக்கும். அதை வைத்து ஏதாவது பேக் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் முதலில் டப்பாவைக் கொட்டிப் பிரியுங்கள்: சாக்லேட் தனி, கடித்தால் உடைகிற கட்டி மிட்டாய் தனி, ஜெல்லி, டாஃபி மாதிரி இழுபடுவது தனி. ஓவன் சூட்டில் மூன்றும் மூன்று விதம். எல்லாவற்றையும் நறுக்கி மாவில் ஒன்றாகக் கொட்டுவதால்தான் பாதிப் பேருக்குச் சொதப்புகிறது.

கேள்வி: சாக்லேட் மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா?

இல்லை. சூட்டில் இளகிய கோகோ வெண்ணெய் மேலே வந்து மறுபடி உறைந்திருக்கிறது, விரலால் தேய்த்தால் போய்விடும். தொட்டால் சொரசொரவென்று இருந்தால் அது ஈரம் பட்டு வெளியே வந்த சர்க்கரை. இரண்டையும் சாப்பிடலாம், உருக்கிப் போடப் போகிற சாக்லேட்டுக்கு அழகு எதற்கு? உள்ளே நட்ஸ் இருந்தால் மட்டும் முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் யோசிக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மிஞ்சிய மில்க் சாக்லேட்டில் பிரௌனி செய்தேன், தித்திப்பு தாங்கவில்லை அக்கா.

மில்க் சாக்லேட்டில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதானே மா. பெரும்பாலான பிரௌனி அளவுகள் டார்க் சாக்லேட்டை நினைத்து எழுதியவை. 200 கிராம் டார்க்குக்குப் பதில் அதே அளவு மில்க் சாக்லேட் போட்டால் சர்க்கரையில் 30 முதல் 50 கிராம் வரை குறைத்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி கோகோ பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். அதற்காகச் சர்க்கரையை அடியோடு எடுத்துவிடாதீர்கள், மேலே வருகிற மெல்லிய பொருக்கும் உள்ளே இருக்கிற ஈரமும் அதனால்தான் வருகிறது.

கேள்வி: சாக்லேட்டை உருக்கும்போது திடீரென்று திரிதிரியாகக் கெட்டிப்பட்டுவிட்டது.

தண்ணீர்ச் சொட்டு விழுந்திருக்கும், இல்லை ஆவி இறங்கியிருக்கும். கொஞ்சம் ஈரம் பட்டால் சாக்லேட் கட்டிக்கொள்ளும், நிறையப் பட்டால் இளகிவிடும், விசித்திரம்தான். சூடான பாலையோ தண்ணீரையோ ஒவ்வொரு கரண்டியாக விட்டு வழவழப்பாகும்வரை கலக்குங்கள். மேல்பூச்சுக்கு இனி அது இறுகாது, சாஸாகவோ பிரௌனி மாவிலோ பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: கலர் கலராகக் கட்டி மிட்டாய் கிடக்கிறது. இதை வைத்து என்னதான் செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கட்டி மிட்டாய் என்பது சுமார் 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி இறக்கிய பாகு, கண்ணாடி போல உறைந்தது. மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும். அதனால் கண்ணாடி ஜன்னல் பிஸ்கட் செய்யலாம். வெண்ணெய் பிஸ்கட் மாவை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் திரட்டி, பெரிய அச்சில் வெட்டி, நடுவில் சின்ன அச்சால் ஓட்டை போடுங்கள். தட்டில் கட்டாயம் பட்டர் பேப்பர் வேண்டும், இல்லையென்றால் பிஸ்கட்டைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். மிட்டாயை நிறம் நிறமாகத் தனித்தனிக் கவரில் போட்டு பூரிக்கட்டையால் தட்டிக்கொள்ளுங்கள். சிவப்பும் பச்சையும் கலந்தால் சேற்று நிறம்தான் வரும். 175 டிகிரியில் பிஸ்கட் முக்கால் பதம் வெந்ததும் வெளியே எடுத்து, ஓட்டையில் தூளை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பி மறுபடி உள்ளே வையுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம், பக்கத்திலேயே நில்லுங்கள். தூள் தூளாகத் தெரிவது மறைந்து பளபளவென்று ஒன்றாகப் பரவியதும் எடுத்துவிட வேண்டும், இன்னும் விட்டால் பழுப்பேறிக் கசக்கும். நன்றாக ஆறும்வரை பேப்பரிலிருந்து பிரிக்காதீர்கள், விரல் வைத்தும் பார்க்காதீர்கள். உருகிய பாகு தோலில் ஒட்டினால் காயம் ஆழமாக இருக்கும், குழந்தைகளைக் கிட்டே விடவே வேண்டாம். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும். பால், வெண்ணெய் சேர்ந்த மிட்டாயில் வெளிச்சம் ஊடுருவாது, ருசி மட்டும் கிடைக்கும்.

கேள்வி: ஜெல்லி மிட்டாய்களைக் கேக் மாவில் கலக்கலாமா?

வேண்டாம். ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே இளகுகிற பொருள், கேக்குக்குள் அது உருகி அடியில் இறங்கித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிய கேக்கின் மேல் அலங்காரமாக வையுங்கள், போதும். மார்ஷ்மெல்லோவும் மாவுக்குள் கரைந்து காணாமல் போகும், கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் மேலே தூவினால் அழகாகப் பொங்கிச் சிவக்கும்.

கேள்வி: டாஃபி?

100 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி பாலோ கிரீமோ விட்டுச் சிறு தீயில் உருக்கினால் கேரமல் சாஸ் தயார். முழுசாக பிஸ்கட்டுக்குள் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு மணி நேரம் ஃபிரீசரில் வைத்து, சுற்றிலும் மாவு தடிமனாக மூடுங்கள். ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டாலும் வெளியே ஒழுகிக் கருகும்.

கேள்வி: புளிப்பு மிட்டாய், அப்புறம் வாயில் வெடிக்கிற மிட்டாய் இருக்கிறது.

புளிப்பு மிட்டாய் மேலே இருப்பது சிட்ரிக் அமிலம் மாதிரி ஏதாவது ஒன்று. மாவில் கலந்தால் பேக்கிங் சோடாவோடு அப்போதே பொங்கித் தீர்ந்துவிடும், ஓவனில் வேலை செய்ய மிச்சம் இருக்காது. வெடிக்கிற மிட்டாய்க்குள் அடைத்திருப்பது கார்பன் டை ஆக்சைடு, ஈரம் பட்டதும் வெடித்துவிடும், ஆகவே மாவும் கூடாது, கிரீமும் கூடாது. உருக்கிய சாக்லேட்டில் தண்ணீர்ப் பசை இல்லாததால் அதில் கலந்து பிஸ்கட் மேலே தடவலாம். வாய்க்குள் போன பிறகுதான் படபடக்கும்.

கேள்வி: சுகர் ஃப்ரீ மிட்டாய்களை வைத்துச் செய்யலாமா?

சர்க்கரைக்குப் பதில் போடுகிற மால்டிடால், ஐசோமால்ட் போன்றவை இருந்தால் நிறையச் சாப்பிடுகிறவருக்கு வயிற்றைக் கலக்கும், ஆளுக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். வீட்டில் நாய் இருந்தால், அதே மாதிரி இன்னொரு இனிப்பான சைலிடால் என்ற பெயர் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள், அது நாய்க்கு உயிராபத்து. சாக்லேட்டும் நாய்க்கு விஷம்தான்.

கேள்வி: யாருக்குமே பிடிக்காத ஃப்ளேவர்களைக் கேக்கில் மறைத்துவிடலாமா?

பிடிக்காத மிட்டாயைக் கேக்கில் போட்டால் பிடிக்காத கேக் கிடைக்கும். முட்டையும் வெண்ணெயும் அதைவிட விலை அதிகம். பிரிக்காத பாக்கெட் என்றால் சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: இப்போது பேக் செய்ய நேரமில்லை. சாக்லேட்டை எப்படி வைப்பது?

காற்றுப் புகாமல் இரண்டு கவரில் சுற்றி ஃபிரீசரில் வையுங்கள். மேலே நட்ஸ் இருக்கிறதா என்று எழுதி ஒட்டுங்கள், கவர் மாறிய பிறகு யாருக்கும் நினைவிருக்காது, அலர்ஜி உள்ளவருக்கு அது பெரிய விஷயம். எடுக்கும்போது முதல் நாள் இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, மறுநாள் வெளியே வைத்து, குளிர் முழுக்க விட்ட பிறகு கவரைப் பிரியுங்கள்.