வளையலை அடகு வைத்துப் பேப்பர் போட வேண்டாம்

வணக்கம் அம்மா.

போன வாரம் கடலூர் முதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் புதுச்சேரி வந்து, பிஎச்.டி. செய்யும் மகளுக்காக உங்கள் போனில் இருந்த அந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினீர்கள். ஏழே நாளில் ஸ்கோபஸ் ஜர்னலில் பேப்பர், அக்செப்டன்ஸ் உறுதி, 18,000 ரூபாய் என்று போட்டிருந்தது. பேப்பர் என்றால் ஆராய்ச்சிக் கட்டுரை, ஜர்னல் என்றால் அதை வெளியிடும் ஆய்விதழ், ஸ்கோபஸ் என்றால் ஆய்விதழ்களைத் தேர்ந்து சேர்க்கும் ஒரு தரவுத்தளம். "வளையலை வைத்தாவது கட்டிவிடுகிறேன். கட்டலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்றீர்கள். வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆனாலும் படியிறங்கும்போது உங்கள் முகம் தெளியவில்லை. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். மகளும் படிக்கட்டும், பாதி அவளுக்கானது.

"மூன்று வருஷமாக உப்பனாற்றுச் சேற்றில் இறங்கி நண்டு பிடித்தாளே, அது போதாதா, இதில் பேப்பர் வேறு எதற்கு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நண்டுச் சதையில் காரீயம், கேட்மியம் என்ற நச்சு உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அவள் அளந்து வைத்திருக்கிறாள். அது அவள் நோட்டில் இருக்கும்வரை அவளுக்கும் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் கைடுக்கும் மட்டும்தான் தெரியும். ஜர்னலுக்கு அனுப்பினால், அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் (ரிவ்யூவர்கள்) ஜர்னலின் ஆசிரியர் அதைக் கொடுப்பார். பெரும்பாலும் அவர்கள் யாரென்று அவளுக்குச் சொல்லமாட்டார்கள். கூலி வாங்காமல் வரிவரியாகப் படித்து, இது எப்படி, அது ஏன் என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்லி, திருத்தி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே அது அச்சுக்குப் போகும். அந்தக் கேள்விகளைத் தாண்டி வந்தது என்பதால்தான் பேப்பருக்கு மதிப்பு. ஏழு நாளில் போடுகிறேன் என்பவர் அந்தக் கேள்விகளையே எடுத்துவிட்டு மிச்சத்தை விற்கிறார்.

நம் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். 1910-இல் வேலை இல்லாமல் திரிந்த ராமானுஜன், தன் நோட்டுப் புத்தகங்களோடு திருக்கோவிலூர் போனார். அன்று அது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். மறு வருஷம் அந்தக் கழகத்தின் ஜர்னலில், பெர்னூலி எண்கள் பற்றிய ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. அது வருவதற்குள் ஆசிரியர் அதைத் திரும்பத் திரும்ப அவரிடமே அனுப்பி எழுத வைத்தார். படிப்பவருக்கு விளங்கும்படி எழுதவில்லை என்பதுதான் குறை. ராமானுஜனுக்கே அப்படி என்றால், உங்கள் மகளின் பேப்பர் ஒருமுறை திரும்பி வந்ததற்காக இரவெல்லாம் தூங்காமல் இருந்தீர்களே, அதற்கு அவசியமே இல்லை அம்மா.

பணம் வாங்கிப் போடுபவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்குச் சோதனையே நடந்திருக்கிறது. 2013-இல் ஜான் போஹனன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே தப்பும் தவறுமாக ஒரு பொய்க் கட்டுரை எழுதி, இல்லாத ஆட்களின் பெயரில் 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். பாதிக்கும் மேல், 157 ஜர்னல்கள், ஏற்றுக்கொண்டன. 'சயின்ஸ்' இதழில் அது வெளிவந்தது.

பணம் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் என்னிடம் ஒரு பையன் வந்தான். பணம் கட்டிப் பேப்பர் போட்டுவிட்டான். பிஎச்.டி.யை மேற்பார்வையிடும் டாக்டரல் கமிட்டியில் அந்த ஜர்னலைத் தேடிப் பார்த்து, இது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, வேறு நல்ல ஜர்னலுக்கு அனுப்பலாம் என்றால், ஒருமுறை வெளிவந்ததை இன்னொரு இடத்தில் போடக் கூடாது. எடுத்துவிடுங்கள் என்று எழுதினால், எடுப்பதற்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். நான்கு வருஷத்து நல்ல டேட்டா அப்படியே மாட்டிக்கொண்டது. நான் பயப்படுவது வளையலுக்காக மட்டும் இல்லை, அந்த டேட்டாவுக்காக.

இன்னொன்றும் விசாரியுங்கள். பேப்பர் இருந்தால்தான் திசிஸ் (பிஎச்.டி. ஆய்வேடு) கொடுக்க முடியும் என்கிறீர்கள். 2022-இல் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் அந்தக் கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பல்கலைக்கழகம் தனக்கென்று விதி வைத்துக்கொள்ளலாம். ஆகவே அவள் பதிவு செய்த வருஷத்து பிஎச்.டி. ரெகுலேஷனை ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டு வாங்கி, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சீனியர் சொன்னார், பக்கத்து லேபில் சொன்னார்கள் என்பதெல்லாம் வேண்டாம். உதவிப் பேராசிரியர் வேலைக்கு மார்க் வரும் என்ற கவலையும் இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையில், பல்கலைக்கழக நேர்காணலுக்கு ஆட்களை வடிகட்டும் பட்டியலில் ஒரு பேப்பருக்கு 2 மார்க், எத்தனை போட்டாலும் 10-க்கு மேல் இல்லை. பிஎச்.டி.க்கு 30. முதலில் பிஎச்.டி. சுத்தமாக முடியட்டும்.

இப்போது உண்மையான ஜர்னலை எப்படித் தெரிந்துகொள்வது என்று பார்ப்போம். உங்களுக்கு வந்த செய்தியில் 'யு.ஜி.சி. கேர் அப்ரூவ்டு' என்றும் இருந்தது. கேர் என்பது யு.ஜி.சி. ஏற்கத்தக்கவை என்று வைத்திருந்த ஜர்னல்களின் பட்டியல். அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. கைவிட்டுவிட்டது. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது என்பதும் தரச் சான்று இல்லை, அது வெறும் அடையாள எண். ஸ்கோபஸ் தளத்தில் ஜர்னல் பட்டியல் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கும். அதில் பெயரும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் இருக்கிறதா, இப்போதும் சேர்க்கப்படுகிறதா, இடையில் நிறுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஜர்னலின் தளத்துக்கு அந்தப் பட்டியல் வழியாகவோ பதிப்பகத்தின் வழியாகவோதான் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொடவே கூடாது. நல்ல ஜர்னலின் பெயரையும் அட்டையையும் அப்படியே திருடிப் போலித் தளம் நடத்துகிறார்கள்.

பணம் கேட்டாலே மோசடி என்றும் நினைத்துவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று வெளியிடும் நல்ல ஜர்னல்கள் சில, பேப்பரை ஏற்றுக்கொண்ட பிறகு கட்டணம் வாங்குகின்றன. எவ்வளவு என்று தளத்திலேயே எழுதியிருக்கும். சந்தா கட்டிப் படிக்கும் முறையில் வெளியிட்டால் பல ஜர்னல்களில் எழுதியவர் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் 'கரன்ட் சயின்ஸ்' இருக்கிறது. மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.-இன் கடல் அறிவியல் ஜர்னல் இருக்கிறது. வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் மதிப்பு என்பதில்லை. அவள் தன் பேப்பரில் எந்த ஜர்னல்களை அதிகம் மேற்கோள் காட்டியிருக்கிறாளோ, அவளுக்குப் பொருத்தமான ஜர்னல் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்களை அவள் காசில்லாமல் படிக்கலாம். நூலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

சரி, இனி மகளுக்கு.

பாப்பா, நீ அனுப்பிய டிராஃப்டைப் படித்தேன். வேலை நன்றாகச் செய்திருக்கிறாய். எழுத்தில்தான் அது தெரியவில்லை. இரண்டாவது டேபிளை எடுத்துக்கொள். கேட்மியம் 0.42 என்று போட்டிருக்கிறாய். ஒரு கிராம் சதைக்கு 0.42 மைக்ரோகிராமா? உலர்ந்த எடைக்கா, ஈர எடைக்கா? நண்டுச் சதையில் முக்கால் பங்கு தண்ணீர். உலர் எடையை ஈர எடை என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் விஷத்தின் அளவு ஏறக்குறைய நான்கு மடங்காகத் தெரியும். எத்தனை நண்டின் சராசரி, ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஓட்டின் அகலம் என்ன? கருவி எந்த அளவுக்குக் கீழே கண்டுபிடிக்காது? உலோக அளவு முன்பே உறுதியாகத் தெரிந்த, சான்றளிக்கப்பட்ட மாதிரியை வைத்துக் கருவியைச் சரிபார்த்தாயா? பார்த்தேன் என்று போனில் சொன்னாய். பேப்பரில் அது ஒரு வரிகூட இல்லை. ரிவ்யூவர் உன்னோடு உப்பனாற்றுக்கு வரவில்லை, எழுதியது மட்டும்தான் அவருக்குத் தெரியும். மேப்பில் வடக்குக் குறியும் அளவுகோலும் விட்டுப்போயிருக்கிறது. அதையும் சேர்.

எழுதும் வரிசையைப் பற்றி என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். முதலில் டேபிளையும் படங்களையும் முடி. அவற்றை வரிசையாகச் சுவரில் ஒட்டிப் பார். கதை அங்கேயே தெரிய வேண்டும். அப்புறம் செய்முறை, அப்புறம் முடிவுகள், அதன் பிறகு விவாதம். முன்னுரையும் சுருக்கமும் கடைசியில்தான். உன் சுருக்கம் 'நீர் உயிர்களுக்கு இன்றியமையாதது' என்று ஆரம்பிக்கிறது. அதை யாரும் மறுக்கப் போவதில்லை, அதற்காக யாரும் படிக்கவும் போவதில்லை. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் பிடித்த நண்டிலும் முகத்துவாரத்தில் பிடித்த நண்டிலும் என்ன வித்தியாசம் கண்டாய், எந்த மாதங்களில், எவ்வளவு, சாப்பிடுபவருக்கு அதனால் என்ன? இந்த நான்கும் எண்களோடு அதில் இருந்தால் போதும்.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒற்றுமைச் சோதனையில் 23 சதவீதம் வந்தது என்று பயந்து, சொற்களை மாற்றித் தரும் மென்பொருளில் போட்டாய், இல்லையா? வேண்டாம். கருத்துத் திருட்டு பற்றிய யு.ஜி.சி.யின் 2018 விதியில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்பது உண்மைதான், ஆனால் அதைக் குறைக்க அது வழியில்லை. அப்படி மாற்றியதால் 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜன்ஸ்' (செயற்கை நுண்ணறிவு) என்பது 'கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) என்று அச்சாகி வந்த பேப்பர்கள் உண்டு. 2021-இல் ஆராய்ச்சியாளர்கள் அப்படிப்பட்டதைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். எந்தப் பத்தி ஒத்துப்போகிறது என்று பார். மூலக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு, உனக்குப் புரிந்ததை எழுது, யாருடைய கருத்து என்று குறிப்பிடு. சாட்ஜிபிடியில் இங்கிலீஷ் திருத்தினால், ஜர்னல் கேட்கிற இடத்தில் அதைச் சொல்லிவிடு. மேற்கோள் பட்டியலை மட்டும் அதனிடம் கேட்காதே, இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோலவே தரும்.

யார் பெயர் வரவேண்டும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே கைடோடு பேசிவிடு. வேலையில் கணிசமான பங்கு இருக்க வேண்டும், எழுதுவதிலோ திருத்துவதிலோ கை வைத்திருக்க வேண்டும், கடைசி வடிவத்துக்குச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும், நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் பொறுப்பேற்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால்தான் ஒருவர் கட்டுரையாசிரியர். மரியாதைக்காகப் பெயர் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது, ஆனால் அது தவறு. மூன்று வருஷமும் உன்னைப் படகில் கூட்டிப்போனவருக்கு நன்றிப் பகுதியில் இடம் உண்டு. அவர் சம்மதித்தால் பெயரைப் போடு.

அனுப்புவது பெரிய விஷயம் இல்லை. ஆராய்ச்சியாளரை அடையாளம் காட்டும் ஆர்சிட் எண் இலவசம், வாங்கிக்கொள். ஜர்னல் சொல்லும் வடிவத்தை அப்படியே பின்பற்று. கவர் லெட்டர் அரைப் பக்கம் போதும், என்ன கண்டாய், அந்த ஜர்னலின் வாசகருக்கு அது ஏன் வேண்டும் என்று. ஜாதகத்தைப் பத்து இடத்தில் கொடுப்பதுபோல் பேப்பரைக் கொடுக்கக் கூடாது. ஓரிடத்தில் முடிவு தெரிந்த பிறகுதான் அடுத்த இடம்.

ரிவ்யூ வந்த அன்று பதில் எழுதாதே. என் முதல் பேப்பருக்கு வந்த ரிவ்யூவைப் படித்துவிட்டு ஒரு வாரம் அதைத் திறக்காமலே வைத்திருந்தேன். 'மேஜர் ரிவிஷன்' (பெரிய திருத்தம் தேவை) என்றால் நல்ல செய்தி, கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் பிரதி எடுத்து, அதன் கீழேயே பதில் எழுது, எந்தப் பக்கம் எந்த வரியில் திருத்தினாய் என்று காட்டு. 'மழைக்கால மாதிரிகள் குறைவு' என்று கேட்டால், படகு போகவில்லை என்று சண்டை போடாதே. குறைவுதான் என்று ஒப்புக்கொண்டு, ஆய்வின் வரம்பாக ஒரு பத்தி எழுது. 'மாசு அதிகரித்து வருகிறது' என்ற உன் வாக்கியத்தை, 'மாதிரி எடுத்த மாதங்களில் இந்த இடத்தில் அதிகமாக இருந்தது' என்று இறக்கு. ரிவ்யூவர் தவறாகச் சொல்லியிருந்தால் ஆதாரத்தோடு, மரியாதையாக மறுக்கலாம். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அம்மா, மறுபடியும் உங்களிடம். அனுப்பிய பிறகு மூன்று மாதமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். அந்த நாட்களில் "வந்துவிட்டதா?" என்று தினமும் கேட்காதீர்கள். அவளும் தினமும் மெயிலைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அந்த வாட்ஸ்அப் ஆளுக்குப் பதில் போடாமல் பிளாக் செய்துவிடுங்கள். டிராஃப்டை அவருக்கு அனுப்பவில்லை என்று மகளிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அனுப்பியிருந்தால் இன்றைக்கே எனக்கும் கைடுக்கும் சொல்ல வேண்டும்.

வரும் சனிக்கிழமை காலை அவளை மட்டும் வரச் சொல்லுங்கள், நீங்கள் அலைய வேண்டாம். லேப் நோட்டு மூன்றையும் எடுத்து வரட்டும். டேபிளில் நவம்பர் மாத நண்டு எண்ணிக்கை காலியாக இருக்கிறது. அதை முதலில் நிரப்பிவிட்டு, ஜர்னல் பற்றிப் பேசுவோம்.