பரண் வேண்டாம்: ஒயின் கேள்வி-பதில்

மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்த சிவப்பு ஒயினை 6 வருஷமாகப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ருசி ஏறியிருக்குமா? (முத்தியால்பேட்டை)

பரணில் ஒயினுக்குப் பத்திரம் கிடையாது. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒயின் முதிர 12, 14 டிகிரி போதும். தளத்தை ஒட்டிய பரண் கத்திரி வெயிலில் 40-ஐத் தொடும். 10 டிகிரி ஏறினால் உள்ளே நடக்கும் வினைகளின் வேகம் சுமாராக இரட்டிக்கும். ‘அப்போ சீக்கிரம் முதிருமே’ என்று கேட்காதீர்கள். எல்லா வினையும் ஒரே அளவில் வேகமெடுப்பதில்லை. பழவாசனைதான் முதலில் போகும். போன மாதம் தெரிந்தவர் வீட்டில் இப்படி ஒரு பாட்டிலைப் பார்த்தேன். கார்க் 2 மி.மீ. மேலே தள்ளியிருந்தது, கழுத்துத் தகட்டுக்கு அடியில் பிசுபிசுவென்று கறை. ஊற்றினால் செங்கல் நிறம், வெந்த உலர்திராட்சை நாற்றம். ஆசையாக எடுத்துவைத்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பழசானால் நல்லது என்பது கொஞ்சம் ஒயின்களுக்குத்தான். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஓரிரு வருஷத்தில் குடித்துவிட வேண்டியவை. உங்களுடையதை இந்த வாரமே திறந்து பாருங்கள்.

சாதாரண ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? (மஞ்சக்குப்பம்)

ஓரிரு மாதம் தாராளமாக. 4 டிகிரியில் முதிர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். வருஷக்கணக்கில் வைத்தால் கார்க் காய்ந்துபோகும். திருகு மூடிக்கு அந்தக் கவலையில்லை.

என் ஒயின் புளிக்கிறது, ஏன்?

எந்த ஒயின், எப்போது திறந்தீர்கள், எங்கே வைத்தீர்கள்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? திறந்ததை வெளியே விட்டிருந்தால் வினிகராகிக்கொண்டிருக்கும். மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், 3, 4 நாளில் முடியுங்கள்.

ராத்திரி மட்டும் ஏசி ஓடும் அறை? (லாஸ்பேட்டை)

வேண்டாம். தினமும் 24-க்கும் 34-க்கும் ஏறி இறங்கினால் ஒயின் விரிந்து சுருங்கும், கார்க் ஓரமாகக் காற்று நுழையும். தரைத்தளத்தில் வெயில் படாத உள்ளறை மூலையில் தெர்மாகோல் பெட்டிக்குள் படுக்கவைத்தால் சூடு நிதானமாக இருக்கும். அதுவும் சில மாதத்துக்குத்தான். பரண் மட்டும் வேண்டாம்.

ஒயின் ஃப்ரிட்ஜ் வாங்கலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

10 பாட்டிலுக்கு மேல் வருஷக்கணக்கில் வைப்பதானால் வாங்குங்கள், இன்வெர்ட்டரோடு. தானே புயலில் நம் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அது 2011 டிசம்பர் கடைசி, குளிர்காலம். மே மாதமென்றால் உள்ளே இருப்பதெல்லாம் வெந்துபோகும்.

வெள்ளை ஒயின் அடியில் கண்ணாடித்தூள் மாதிரி இருக்கிறதே? (அரியாங்குப்பம்)

கண்ணாடி இல்லை, குளிரில் படிந்த டார்டாரிக் உப்பு. கெடுதல் கிடையாது, தெளிய விட்டு ஊற்றுங்கள்.

சிவப்பை ‘அறை வெப்பத்தில்’ பரிமாறச் சொல்கிறார்களே? (நெல்லிக்குப்பம்)

அது ஐரோப்பிய அறை, 16, 18 டிகிரி. நம் ஊரில் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டு ஊற்றுங்கள்.