பாதி மாடு, பாதி திமிங்கிலம்

அன்புள்ள ஐயா,

திமிங்கிலம் ஒரு காலத்தில் தரையில் நாலு காலில் திரிந்த பிராணி என்று எழுதியிருந்தீர்கள். மாடு, மான், பன்றி எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள் என்று வேறு. படித்ததிலிருந்து மத்தியானத் தூக்கம் போச்சு. அந்த நடுக்கட்டப் பிராணியைக் கற்பனை செய்து பார்க்கிறேன். முன்பக்கம் கொம்பும் காதுமாக மாடு, பின்பக்கம் திமிங்கில வால். தரைக்கு வந்தால் நடக்க முடியாது, புலி அடித்துவிடும். கடலுக்குப் போனால் சுறா விடாது. கடலடியில் புல்லுக்கு எங்கே போகும்? கன்று பால் குடித்தால் பாதி உப்புத்தண்ணீர்தானே உள்ளே போகும்? இந்த இரண்டுங்கெட்டான் ஜென்மம் எப்படி ஐயா லட்சக்கணக்கான வருஷம் குடும்பம் நடத்தியது? எங்கள் பக்கத்துக் கோயில் தூண்களில் யாளி இருக்கிறது. அதைச் செதுக்கிய சிற்பி, இது நிஜம் என்று யாரிடமும் சாதிக்கவில்லை. உங்கள் விஞ்ஞானிகள் சாதிக்கிறார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு வாசகர்,
தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

கோபமா? வால் முளைத்த மாட்டை நினைத்து நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பெரிய பரம்பரையே உண்டு. அமெரிக்காவில் பரிணாமத்தை மறுத்து ஊர் ஊராக விவாத மேடை ஏறிய டுவேன் கிஷ் என்பவர் உங்கள் மாட்டின் கேலிச்சித்திரத்தையே திரையில் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்குவார். 2007-ல் கிர்க் கேமரன் என்ற நடிகர் ஒரு தொலைக்காட்சி விவாதத்துக்கு முதலைத் தலையும் வாத்து உடம்புமாக ஒரு படத்தைத் தயார் செய்து கொண்டுவந்தார். இதில் ஒன்றை நிஜத்தில் காட்டுங்கள் பார்ப்போம் என்பது அவருடைய சவால்.

இவர்களை விடுங்கள். முதலில் மாட்டிக்கொண்டவர் டார்வின்தான். வட அமெரிக்காவில் ஒரு கருங்கரடி வாயை அகலத் திறந்தபடி மணிக்கணக்கில் நீந்தி, தண்ணீரிலிருந்த பூச்சிகளைப் பிடித்துத் தின்றதை சாமுவேல் ஹெர்ன் என்ற பயணி பார்த்து எழுதியிருந்தார். டார்வின் அதைப் பிடித்துக்கொண்டார். இப்படியே போனால், வாய் பெருத்துக்கொண்டே வந்து, கரடி கடைசியில் திமிங்கிலம் போன்ற ஒரு ராட்சதப் பிராணியாக ஆவதில் தனக்கு எந்தச் சிரமமும் தெரியவில்லை என்று 1859-ல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் பதிப்பில் எழுதினார். ஊரே சிரித்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் ராட்சதப் பிராணியைக் காணோம், பூச்சி பிடிக்கும் கரடி மட்டும் மிச்சம்.

டார்வினும் கிஷ்ஷும் நீங்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி என்பேன். மூன்று பேருமே இன்று உயிரோடு இருக்கும் பிராணியிலிருந்து தொடங்குகிறீர்கள். யாளி செய்யும் முறை அதுதான். சிங்கத்தையும் யானையையும் சிற்பி பார்த்திருக்கிறார், இரண்டையும் ஒட்டிவிட்டார். ஆனால் திமிங்கிலம் கடலில் இறங்கிய காலத்தில் இன்றைய மாடு கிடையாது, இன்றைய திமிங்கிலமும் கிடையாது. ஒட்டுவதற்கு இரண்டு பாதிகளும் இல்லாதபோது ஒட்டுப்பிராணி எப்படி வரும்?

அப்போது என்னதான் இருந்தது? பதில் நம் நாட்டிலேயே கிடைத்தது. ஜம்மு-காஷ்மீரில் ரஜௌரி பக்கம் காலாகோட் என்று ஓர் இடம். ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் அங்கே பாறைகளைச் சேகரித்து, அதில் கிடைத்த ஒரு சின்னப் பிராணிக்கு 1971-ல் இந்தோஹையஸ் என்று பெயர் வைத்தார். சேகரித்த பாறைகளில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே கிடந்தது. அவர் காலமான பிறகு அவருடைய மனைவி அந்தப் பாறைகளை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். தெவிசனின் உதவியாளர் ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்யும்போது, கை தவறிக் காதுப் பகுதி உடைந்துவிட்டது. உடைந்த துண்டைப் பார்த்தால், காதெலும்பின் உட்பக்கச் சுவர் மட்டும் தடித்திருக்கிறது. திமிங்கிலத்துக்கும் ஓங்கிலுக்கும் (டால்பின்) காது அப்படித்தான் இருக்கும். அந்தத் தடிப்பை வைத்தே இது திமிங்கிலக் கூட்டம் என்று அடையாளம் சொல்வார்கள்.

2007-ல் இது வெளியானது. பிராணியின் உருவம் கிட்டத்தட்ட நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சருகுமான் அளவுதான். பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. கால் எலும்புகள் மட்டும் உள்ளே கெட்டியாக, கனமாக இருந்தன. நீர்யானைக்கும் அப்படித்தான், தண்ணீருக்கடியில் மிதந்துவிடாமல் நடக்க அந்தக் கனம் வேண்டும். ஆபத்து வந்தால் தண்ணீரில் முங்கித் தப்பிக்கிற பிராணியாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு சருகுமான் வகை இன்றைக்கும் கழுகைக் கண்டால் அதைத்தான் செய்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்தோஹையஸ் திமிங்கிலத்தின் தாத்தா இல்லை. பெரியப்பா வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஞ்ஞானிகள் கற்பனையைச் சாதிக்கிறார்கள் என்றீர்களே, அந்தப் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது. பாகிஸ்தானில் கிடைத்த பாகிசீட்டஸ் என்ற ஆதித் திமிங்கிலத்தின் கதையைக் கேளுங்கள். வயது சுமார் 5 கோடி ஆண்டு. 1981-ல் அதற்குப் பெயர் வைத்த ஃபிலிப் கிங்கரிச் கையில் அப்போது இருந்தது மண்டையோடும் பல்லும் தாடையும்தான். அதை வைத்துக்கொண்டு 1983-ல் ‘சயன்ஸ்’ இதழின் அட்டையில், கடல்நாய் மாதிரி நீந்தி மீன் துரத்தும் ஒரு பிராணியைப் போட்டுவிட்டார்கள். 2001-ல் தெவிசன் குழு மீதி உடம்பின் எலும்புகளை வெளியிட்டது. பார்த்தால் நீளநீளமான காலோடு, ஓநாய் மாதிரி ஒன்று. அட்டைப்படம் அம்பேல். ஓவியரை அவசரப்படுத்தினால் யாளிதான் வரும் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த யாளியைத் தூக்கிப் போட்டதும் அடுத்து வந்த எலும்புதான்.

அதே 2001-ல் கிங்கரிச் தன் பழைய கருத்தையும் கைவிட வேண்டி வந்தது. பல்லை வைத்து, திமிங்கிலம் வேறொரு ஊனுண்ணிக் கூட்டத்திலிருந்து வந்தது என்று பலரும் நம்பினார்கள், அவரும்தான். இல்லை, நீர்யானைதான் நெருங்கிய உறவு என்று டி.என்.ஏ. ஆட்கள் தொண்ணூறுகளில் சொன்னபோது எலும்பு ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு பாகிஸ்தானில் பழைய திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பே கிடைத்தது. ஆட்டின் பின்னங்கால் கணுவில் சின்னதாக ஓர் எலும்பு இருக்கிறதே, மேலும் கீழும் கிணற்றுக் கப்பி மாதிரி பள்ளத்தோடு? இன்றுள்ள பிராணிகளில் ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை, ஒட்டகக் கூட்டத்துக்கு மட்டும்தான் அது உண்டு. அந்தத் திமிங்கிலங்களுக்கும் இருந்தது. சண்டை பெரும்பாலும் முடிந்தது.

உங்கள் மாட்டுக்குப் போட்டியாக ஒன்றை நிறுத்த வேண்டுமென்றால் நான் ஆம்புலோசீட்டஸ் என்ற இன்னொரு ஆதித் திமிங்கிலத்தைத்தான் நிறுத்துவேன். 1994-ல் வெளியானது, சுமார் 3 மீட்டர் நீளம். முதலை மாதிரி நீண்ட மூஞ்சி, துடுப்பு மாதிரி பெரிய பின்பாதங்கள், விரல் நுனியில் குட்டிக் குளம்பு. குளம்பு வைத்த திமிங்கிலம்! உங்கள் மாட்டைவிட இது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. புல் மேயவில்லை, கரையோரத்தில் பதுங்கி இரை பிடித்தது. எலும்பு கிடைத்தது கடலோரப் படிவத்தில். ஆனால் பல்லிலுள்ள ஆக்சிஜன் அணுக்களைச் சோதித்தால், குடித்தது நல்ல தண்ணீர் என்று தெரிகிறது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் பிழைத்திருக்கிறது. இதில் என்ன இரண்டுங்கெட்டான்? காவிரி நீர்நாயைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்கிறோமா? கடல்நாய் தரையில் புரண்டு புரண்டு நகர்வதைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும், ஆனாலும் குட்டி போடக் கரைக்குத்தான் வருகிறது. பிழைப்புக்கு அன்றைக்கு அந்த இடத்தில் போதுமானதாக இருந்தால் சரி. நாளைக்குத் திமிங்கிலம் ஆகப்போகிறோம் என்று ஆம்புலோசீட்டஸுக்குத் தெரியாது.

பால் விஷயம் சுலபம். திமிங்கிலத்துக்கு மடி தொங்காது, காம்பு வயிற்றுப் பக்கம் ஒரு மடிப்புக்குள் இருக்கும். கன்று வாயை வைத்ததும் தாய் பீய்ச்சிவிடும். பாலில் கொழுப்பு அவ்வளவு இருப்பதால் பற்பசைக் கெட்டியில் வரும், தண்ணீரில் சட்டென்று கரையாது.

கடலடியில் புல்லுக்கு எங்கே போகும் என்று கேட்டீர்கள். நம் பாக் நீரிணைக்கு. அங்கே கடற்புல் மேய்கிற கடற்பசு இருக்கிறது, மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அதைக் காப்பாற்றத்தான் 2022-ல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. பெயர்தான் பசு, தரையில் அதற்குக் கிட்டத்து உறவுகளில் ஒன்று யானை. மகர தோரணத்தில் யானைத் துதிக்கையோடு மீன் வால் செதுக்கிய சிற்பி இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ. இதற்கும் கால் இருந்ததா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். இருந்தது. ஜமைக்காவில் கிடைத்த பெசோசைரன் என்ற பழைய கடற்பசுவை 2001-ல் வெளியிட்டார்கள். சுமார் 5 கோடி ஆண்டுக்கு முந்தையது, ஆள் நீளம், கனத்த விலா எலும்பு, தரையில் உடம்பைத் தாங்கி நடக்கிற மாதிரி நாலு காலும் முழுசாக.

அன்புடன்.