இந்தியாவில் நிலமானிய முறை இருந்ததா? விடைத்தாளில் எதை எழுதுவது?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். 'இந்தியாவில் நிலமானிய முறை இருந்ததா?' என்று ஒப்படைப்புக் கேள்வி வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய நோட்ஸில் 'இருந்தது' என்று இருக்கிறது. சீனியர் ஒருவர் 'இல்லை என்று எழுது' என்கிறார். எதை எழுதினால் மதிப்பெண் குறையாது?

பதில்: எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், காரணம் சொல்லி எழுதுங்கள். அந்த நோட்ஸைப் பார்த்து மட்டும் எழுதாதீர்கள்.

முதலில் கேள்வியில் உள்ள சொல்லைக் கவனியுங்கள். மானியம் என்றால் நமக்கு இறையிலியாக, அதாவது வரியில்லாமல் விட்ட நிலம். பிராமணருக்கு விட்ட பிரம்மதேயம், கோயிலுக்கு விட்ட தேவதானம், சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட பள்ளிச்சந்தம் எல்லாம் உடனே நினைவுக்கு வரும். அவை இங்கே இருந்தன என்பதற்குக் கல்வெட்டும் செப்பேடும் ஏராளம். ஆனால் கேட்பது அதை அல்ல, ஐரோப்பாவின் பியூடலிசத்தை. அங்கே பிரபு நிலம் கொடுப்பார். பெற்றவர் படையோடு போருக்கு வருவதாகச் சத்தியம் செய்வார். உழுகிற குடியானவர் பிரபுவின் சொந்த வயலிலும் கட்டாயமாக உழைப்பார். முதலாம் ராஜராஜன் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். பிக்குகள் போருக்கு வரவேண்டும் என்றா கொடுத்தான்? தமிழ்வழி மாணவர்கள் பலர் விழுகிற குழி இது. மொழிபெயர்ப்பே 'ஆம்' என்று தலையாட்ட வைத்துவிடுகிறது.

சரி, வரலாற்றாசிரியர்கள் என்ன சொன்னார்கள்? ஆர். எஸ். சர்மா 1965-இல் ஒரு முழு நூலே எழுதினார். குப்தர் காலம் தொடங்கி நிலத்தோடு வரியும் நீதி அதிகாரமும் கைமாறின, வணிகமும் நாணயமும் சுருங்கின, உழவர் நிலத்தோடு கட்டுண்டார் என்பது அவர் வாதம். டி. சி. சர்க்கார் இதை ஏற்கவில்லை. கொடைகளில் பெரும்பங்கு பிராமணருக்கும் கோயிலுக்கும் போனவை, படைச்சேவைக்காகத் தந்தவை அல்ல என்றார். 1979-இல் ஹர்பன்ஸ் முகியா இன்னும் அடிப்படையான கேள்வியை எழுப்பினார்: இந்திய உழவர் தன் கருவியை வைத்துத் தன் உழைப்பில்தானே பயிர் செய்தார், அவரை ஐரோப்பியப் பண்ணையடிமையோடு எப்படி ஒப்பிடுவது? சர்மா 1985-இல் பதில் எழுதினார். உங்கள் கையிலுள்ள நோட்ஸ் 1965-ஐத் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். நான் பார்த்தவை எல்லாம் அப்படித்தான்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். விஜயநகரக் காலத்து நாயக்கத்தனத்தைச் சோழர் கால பிரம்மதேயத்தோடு சேர்த்துக் குழப்பாதீர்கள். நாயக்கர் அரசரிடமிருந்து நிலப்பகுதி பெற்றார். பதிலுக்குப் படை வைத்துப் பராமரித்தார், பணமும் கட்டினார். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த போர்ச்சுகீசியர் நூனிஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். இது ஐரோப்பிய முறைக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. தமிழ்க் கல்வெட்டுகளை வரி வரியாக ஆராய்ந்த நொபொரு கராஷிமா இதைப் பியூடலிச அமைப்பாகவே பார்த்தார். ஆகவே 'தென்னிந்தியாவில் இல்லவே இல்லை' என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். எந்த நூற்றாண்டு, எந்த நிலம் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, ஒப்படைப்பை எழுதித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்கள் பக்கம் போகவே வேண்டாம். ஒரே விடையை ஐம்பது பேருக்கு விற்பார்கள். மாட்டினால் உங்கள் பெயர்தான் மாட்டும். 'இருந்ததா, இல்லையா' என்று ஒற்றை வரியில் கேட்டு, பக்கத்தை எண்ணி மதிப்பெண் போடுகிற முறை இருக்கும்வரை அவர்கள் கடையை மூட மாட்டார்கள். பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேள்வித்தாள் மாறவில்லை.

நீங்கள் முதல் பத்தியிலேயே 'பியூடலிசம் என்று நான் இங்கே சொல்வது இதை' என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். அப்புறம் சர்மா, முகியா இருவரையும் எதிரெதிரே வையுங்கள். நாயக்கத்தனத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். நூலகத்தில் முகியாவின் கட்டுரை கிடைத்தால் இந்த வாரமே படித்துவிடுங்கள்.